இனாமாகக் கொடுத்த வேலை

எங்கள் பட்டறையின் பழைய பில் புத்தகங்களை நான் எடைக்குப் போடவில்லை. 1996-இல் எழுதிய பில் எதைப் புரட்டினாலும் ஒரே வரிதான் இருக்கும்: அச்சுக்கூலி. எத்தனை பீஸ், எத்தனை கலர், ஆக மொத்தம் இவ்வளவு. அண்மையில் ஒரு கல்லூரி மாணவர்களுக்குப் போட்ட பில்லில் துணி விலை நீங்கலாக ஆறு வரி. டிசைனைத் திருத்தியதற்கு ஒன்று, சாம்பிளுக்கு ஒன்று, துவைத்துப் பார்த்துக் கொடுத்ததற்கு ஒன்று, சைஸ் எடுத்ததற்கு ஒன்று, ஒவ்வொருவர் பெயரும் ஒட்டி மடித்துக் கட்டியதற்கு ஒன்று. அச்சுக்கூலி ஆறாவது வரி. இருப்பதில் சிறிய தொகையும் அதுதான்.

அன்று காசு வாங்கிய வேலை இன்று ஏறக்குறைய இனாமாகிவிட்டது. அன்று இனாமாகச் செய்துகொடுத்த வேலைகள்தான் இன்று பட்டறை வாடகையையும் ஆட்களின் சம்பளத்தையும் கொடுக்கின்றன. இந்தத் தலைகீழ் மாற்றத்தைக் கணக்கு எழுதும் மேசையிலிருந்து பார்த்தவள் நான். வீட்டுக்காரர் பிரிண்டிங் டேபிளில் நிற்பார். பில், வசூல், சனிக்கிழமைச் சம்பளம் மூன்றும் என் பொறுப்பு. திருப்பூரில் டி-ஷர்ட் அடித்துக்கொடுக்கும் பட்டறை ஒன்றாவது இல்லாத தெரு இன்று அபூர்வம். இத்தனை நெரிசலில் நாங்கள் எப்படி நிற்கிறோம் என்று புதிதாகத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் கேட்கும்போது, அந்தப் பில் புத்தகங்களைத்தான் எடுத்துக் காட்டுகிறேன்.

1978-இல் வெரோனா என்ற இத்தாலிக்காரர் வெள்ளை டி-ஷர்ட் தேடி இந்த ஊருக்கு வந்த கதை இங்கே எல்லோருக்கும் தெரியும். உள்நாட்டுக்குப் பனியனும் ஜட்டியும் தைத்துக்கொண்டிருந்த ஊர், அதன்பின் பத்துப் பன்னிரண்டு வருடங்களில் கடல் தாண்டித் தைக்கிற ஊராக மாறியது. 1990-இல் ஏற்றுமதியாளர் சங்கம் உருவானது. பெரிய கம்பெனிகளில் முடியாமல் வழிந்த பிரிண்டிங் வேலை எங்களைப் போன்ற சின்னப் பட்டறைகளுக்கு ஜாப் ஒர்க்காக வந்தது. அதோடு பள்ளிக்கூடம், கபடிக் குழு, கோயில் திருவிழா, தேர்தல் என்று உள்ளூர் ஆர்டர்கள். நாங்கள் மங்கலம் ரோட்டுப் பக்கம் தகரக் கொட்டகையில் டேபிள் போட்டபோது வேலைக்குப் பஞ்சம் இருக்கவில்லை. வேலை தெரிந்த கைகளுக்குத்தான் பஞ்சம்.

இரண்டு நீள டேபிள்கள். மேலே ரெக்சின் விரித்து, கோந்து தடவி, வெட்டிய முன்பக்கத் துணிகளைச் சுருக்கமில்லாமல் வரிசையாக ஒட்டுவார்கள். தைத்து முடித்த சட்டையில் அடிப்பது அப்போது குறைவு. வெட்டிய துண்டில் அடித்துத் தையலுக்கு அனுப்புவதே வழக்கம். டேபிளுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். மரச்சட்ட ஸ்கிரீனை இறக்கி வைத்து இவர் ஸ்குயிஜியைத் தள்ள, அவர் வாங்கி இழுப்பார். நான்கு கலர் டிசைன் என்றால் டேபிளின் முழு நீளத்தையும் நான்கு தடவை நடக்க வேண்டும். ஸ்கிரீன் ஒரு நூல் தள்ளி உட்கார்ந்தாலும் சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவில் துணியின் வெள்ளை எட்டிப் பார்க்கும். பிக்மெண்ட் கலவையில் மண்ணெண்ணெய் சேர்ப்பார்கள். ராத்திரி வீட்டுக்கு வந்து குளித்த பிறகும் அந்த வாசம் தலைமுடியை விட்டுப் போகாது.

ஸ்கிரீன் எடுப்பது அதைவிடப் பெரிய வித்தை. இழுத்துக் கட்டிய வலையில் பைக்ரோமேட் கலந்த எமல்ஷனைப் பூசி இருட்டில் காயவைத்து, டிசைன் ஃபிலிமையும் கண்ணாடியையும் மேலே வைத்து வெயிலில் காட்டுவார்கள். வெளிச்சம் பட்ட இடம் இறுகிவிடும். ஃபிலிமின் கறுப்பு மறைத்த இடம் தண்ணீர் பட்டதும் கரைந்து திறந்துகொள்ளும். அந்தத் திறப்பு வழியாகத்தான் சாயம் துணிக்கு இறங்கும். எங்கள் ஸ்கிரீன் மாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்து நான் கண்டதில்லை. வானத்தைப் பார்ப்பார், மேகம் எவ்வளவு என்று மனதில் கணக்குப் போடுவார், கண்ணாடியை எடுப்பார். பைக்ரோமேட்டின் மஞ்சள் கறை அவருடைய நகக்கண்களில் நிரந்தரமாகத் தங்கிவிட்டது. அது தோலுக்கும் மூச்சுக்கும் கெடுதல் என்று எங்களுக்குச் சொல்லித்தர அன்று ஆள் இல்லை. இப்போது வேறு வகை எமல்ஷன்கள் வந்துவிட்டன. கையுறை போடாமல் ஸ்கிரீன் கழுவ நான் யாரையும் விடுவதில்லை. அந்தக் காலம்தான் பொற்காலம் என்று யாராவது பேச ஆரம்பித்தால் எனக்கு அந்த நகங்கள்தான் ஞாபகத்துக்கு வருகின்றன.

ஃபிலிமில் வரைய ஓர் ஆர்ட்டிஸ்ட் அண்ணன் இருந்தார். சினிமா பேனரும் கடைப் பலகையும் எழுதிப் பழகிய கை. அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் இன்றைய பிழைப்பு அவருடைய மேசையிலிருந்து வந்தது.

தமிழ் எழுத்தைப் பின்னல் துணியில் அடிப்பது லேசான காரியம் இல்லை. 'ண', 'ஐ', 'ஞ' போன்ற எழுத்துகளில் வளைவுக்குள் இருக்கும் வெற்றிடம் மிகச் சிறியது. துணி சாயத்தைக் குடித்துப் பக்கவாட்டில் பரப்பும், வளைவு அடைத்துக்கொள்ளும். மெய்யெழுத்தின் புள்ளி இன்னும் சிரமம். சிறியதாக வைத்தால் ஸ்கிரீனில் திறக்காமலே போய்விடும்; பெரியதாக வைத்தால் எழுத்தின் தலையோடு ஒட்டிக்கொள்ளும். அண்ணன் ஃபிலிமில் வரைந்ததைப் பார்த்தால் முதலில் விநோதமாக இருக்கும். வளைவுகள் தேவைக்கு மேல் அகலமாக, கோடுகள் தேவைக்குக் கொஞ்சம் மெலிவாக, புள்ளிகள் எழுத்தைவிட்டு ஒரு மயிரிழை எழும்பி நிற்கும். துணியில் அடித்து, சாயம் பரவி, காய்ந்த பிறகு பார்த்தால் எல்லாம் அளவெடுத்ததுபோல் அமைந்திருக்கும். எந்தத் துணியில் எவ்வளவு பரவும் என்பதைத் துணியை விரலால் நெருடிப் பார்த்தே சொல்லிவிடுவார்.

இந்த வேலைக்கு நாங்கள் காசு கேட்டதே இல்லை. பார்ட்டி பஸ் ஏறி வருவார், அண்ணன் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்காருவார். "சாமி படத்துக்குக் கீழ ஊர்ப்பேரு இன்னும் கொஞ்சம் பெருசா வேணுமுங்க" என்பார். அண்ணன் அழித்துவிட்டு மறுபடி வரைவார். டீ வரும். ஸ்ட்ரைக் ஆஃப் என்று முதல் பீஸை அடித்துக் காட்டுவோம்; நிறம் பிடிக்கவில்லை என்றால் இன்னொன்று அடிப்போம். எத்தனை பேருக்கு என்ன சைஸ் என்று அவர்களோடு உட்கார்ந்து எழுதித் தருவோம். வீட்டுக்கு வந்தவருக்குச் செம்பில் தண்ணீர் கொடுப்பதுபோல அதை நினைத்திருந்தோம். பில்லில் ஏற வேண்டிய ஒன்று என்ற எண்ணம் யாருக்கும் இல்லை.

அன்றைக்கு அதில் தவறும் இல்லை. லாபம் வேறிடத்தில் இருந்தது. நான்கு கலர் டிசைனுக்கு நான்கு ஸ்கிரீன் வேண்டும். ஸ்கிரீன் ஒன்றுக்கு 500 ரூபாய் என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். அடிக்கத் தொடங்கும் முன்பே 2,000 ரூபாய் செலவு. இருபது சட்டை மட்டும் அடித்தால் ஒவ்வொரு சட்டையின் தலையிலும் 100 ரூபாய் ஏறும். ஐந்நூறு சட்டை அடித்தால் அது 4 ரூபாயாக இறங்கிவிடும். ஆகவே பெரிய ஆர்டர் எடுத்தால் போதும், மற்ற உழைப்பெல்லாம் அதிலேயே அடங்கிவிடும். இருபது பீஸ் கேட்டு வருகிறவரை எந்தப் பட்டறையும் உள்ளே கூப்பிடாது. நண்பர்கள் பத்துப் பேர் ஒரே மாதிரி சட்டை போட்டுக்கொள்ள ஆசைப்பட்டால் அந்த ஆசையை நிறைவேற்ற இந்த ஊரிலேயே ஆள் கிடையாது. ஸ்கிரீன் எடுக்கத் தெரிந்தவர், டேபிளில் நூல் பிசகாமல் அடிக்கத் தெரிந்தவர் எங்கே இருக்கிறாரோ அங்கே வேலை தானாக வந்து சேர்ந்தது. கைவேலையின் அருமையே எங்களுக்கு வேலியாக இருந்தது.

அந்த வேலி ஒரே நாளில் விழவில்லை. முதலில் கம்ப்யூட்டர் வந்தது. லேசர் பிரிண்ட் எடுத்த தாளில் எண்ணெய் தடவி ஃபிலிமாக்கிக்கொள்ளும் பட்டறைகள் முளைத்தன. வரைகிற கை இல்லாமலே ஸ்கிரீன் எடுக்கலாம் என்றானது. பெரிய கம்பெனிகள் வட்டமாகச் சுழன்று பல கலர்களை ஒரே ஓட்டத்தில் அடிக்கும் ஆட்டோமேடிக் மிஷின்களை இறக்கின. ஜாப் ஒர்க் வற்றியது. 2016 நவம்பரில் பணமதிப்பிழப்பு, 2017 ஜூலையில் ஜிஎஸ்டி. ரொக்கத்தில் அட்வான்ஸ் வாங்கி ரொக்கத்திலேயே கூலி கொடுத்த பட்டறைகள் பல அந்த எட்டு மாதங்களில் மூச்சுத் திணறின. இவற்றையெல்லாம் வேறு பலர் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல விரும்புவது 2011-ஐப் பற்றி.

அந்த ஜனவரியில், நொய்யல் ஆற்று மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளையும் பிளீச்சிங் பட்டறைகளையும் மூடச் சொன்னது. அந்த ஆற்றின் நிறத்தைப் பார்த்தே வளர்ந்தவள் என்ற முறையில், அந்த உத்தரவு நியாயம் என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். ஒரத்துப்பாளையம் அணைப் பக்கம் விவசாயம் செய்தவர்கள் பட்ட கஷ்டத்துக்கு முன்னால் எங்கள் நஷ்டம் சின்னது. ஆனால் கலர் துணிக்கு வெளியூரை நம்பியிருந்த அந்த மாதங்களில் எங்கள் தொழிலைப் பற்றி ஒன்று பிடிபட்டது. நீலம் என்று வாங்கிய துணி இரண்டு லாட்டாக வரும். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் ஒரே நீலம். ஓர் அணி வரிசையாக நின்று போட்டோ எடுக்கும்போது பாதிப்பேர் ஒரு நீலம், மீதிப்பேர் இன்னொரு நீலம். எங்கள் செக்கிங் அக்கா ஒவ்வொரு சட்டையையும் ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, லாட் பிரித்து, ஒரு அணிக்கு ஒரே லாட் போகும்படி கட்டிக் கொடுத்தார். வேறிடத்தில் குறைந்த விலைக்கு அடித்துக்கொண்டு போன இரண்டு மூன்று பார்ட்டிகள் அடுத்த ஆர்டருக்கு எங்களிடம் திரும்பி வந்தார்கள். அச்சைப் பற்றி அவர்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. "உங்ககிட்ட எல்லாம் ஒரே கலரா வருதுங்க" என்றுதான் சொன்னார்கள். பில்லில் இல்லாத ஒரு வேலைக்காக ஆர்டர் வருகிறது என்பதை அன்றுதான் நான் தனியாகக் குறித்துவைத்தேன்.

2020 செப்டம்பர் இன்னொரு திருப்பம். யுவன் சங்கர் ராஜாவும் நடிகர் சிரீஷும் டி-ஷர்ட் போட்டுக்கொண்ட படம் ஒன்று பரவியது. 'ஹிந்தி தெரியாது போடா' என்ற வாசகம் ஊரெங்கும் பேச்சானது. ஊரடங்கில் முடங்கிக் கிடந்த திருப்பூருக்கு அந்தச் சட்டை பெரிய ஆறுதல். ஆர்டர் மேல் ஆர்டராக வந்தது. அடிப்பதற்கு அதைவிடச் சுலபமான டிசைன் கிடையாது: கறுப்புத் துணி, வெள்ளை எழுத்து, ஒரே ஸ்கிரீன். அதனாலேயே எங்கள் தெருவில் அத்தனை பேரும் அதையே அடித்தார்கள். காலையில் சொன்ன விலை சாயங்காலம் நிற்கவில்லை. ஆனால் ஒற்றைச் சட்டையாக, கேட்ட சைஸில், சென்னைக்கும் துபாய்க்கும் தனித்தனி விலாசத்துக்கு அனுப்பித் தருகிறவர்களிடம் விலை இறங்கவே இல்லை. அச்சு ஒன்றுதான், துணியும் ஒன்றுதான். அதைச் சுற்றிச் செய்த வேலைக்குத்தான் ஜனங்கள் காசு கொடுத்தார்கள்.

பிறகு டிடிஎஃப் வந்தது. 2021, 2022 வாக்கில் இந்த ஊரில் தெருத்தெருவாக இறங்கிய மிஷின் அது. டிசைனை ஒரு பிளாஸ்டிக் ஃபிலிமில் கலராக அடித்து, அதன்மேல் வெள்ளை அடித்து, ஈரம் காயும் முன் பசைத்தூளைத் தூவிச் சூடாக்கிவிடும். அந்த ஃபிலிமைச் சட்டைமேல் வைத்து 150, 160 டிகிரி சூட்டில் பத்துப் பதினைந்து நொடி அழுத்தி உரித்தால் வேலை முடிந்தது. ஸ்கிரீன் இல்லை. கலருக்குக் கணக்கு இல்லை. ஒரு பீஸுக்கும் நூறு பீஸுக்கும் ஆயத்தச் செலவில் வித்தியாசம் இல்லை. மிஷின்கூடச் சொந்தமாக வேண்டாம். ஃபிலிமை மீட்டர் கணக்கில் அடித்து வாங்கிவந்து, வீட்டில் ஒரு ஹீட் பிரஸ் வைத்துக்கொண்டால் போதும். நாங்கள் வருடக்கணக்கில் கற்றுச் சேர்த்த வித்தை சில வாரங்களில் யாருக்கும் கைவந்துவிட்டது.

எங்கள் வீட்டுக்காரர் அப்போது மனம் உடைந்துபோனார். அதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. நல்ல நான்கு கலர் வேலையைத் தூரத்திலிருந்து பார்த்தே யார் கை என்று சொல்லக்கூடியவர் அவர். விலையைக் குறைத்துப் பார்க்கலாம் என்றார். நான் பில் புத்தகத்தோடு உட்கார்ந்தேன். ஐம்பது பீஸ் ஆர்டரில் பீஸுக்கு 30 ரூபாய் நிற்கிறது என்றால் மொத்தம் 1,500. 200 ரூபாய்ச் சட்டைகளில் ஐந்து வீணானால் அதில் 1,000 போய்விடும். விலையை இன்னும் 10 ரூபாய் குறைத்தால் மிச்சம் 1,000. அதே ஐந்து சட்டை வீணானால் கையில் ஒன்றும் இல்லை. ஆக, விலையைக் குறைக்கிறவருக்குத் தப்பு விட இடமே கிடையாது. தப்பு வராமல் பார்க்கிற வேலையோ எங்களிடம் ஏற்கெனவே இருந்தது. ஆர்ட்டிஸ்ட் அண்ணனின் மேசையும், செக்கிங் அக்காவின் ஜன்னலும், சைஸ் எழுதுகிற என் நோட்டும்தான் அந்த வேலை. அதற்குப் பெயர் வைத்து, விலை போட்டு, பில்லில் ஏற்றினோம்.

முதலில் வந்த எதிர்ப்பு கொஞ்சநஞ்சம் அல்ல. கல்லூரிப் பையன் ஒருவன் போனில் கேட்டான்: "ஏனுங்க்கா, பக்கத்துல டிசைனுக்கெல்லாம் காசே வாங்கறதில்லையாமா. நீங்க மட்டும் கேக்கறீங்க?"

"கண்ணு, நீ அனுப்புன ஃபைலை நீயே ஒருக்கா பெருசு பண்ணிப் பாரு" என்றேன்.

வாட்ஸ்அப்பில் கைமாறிக் கைமாறி வந்த படம் அது. போனில் பளிச்சென்று இருந்தது நெஞ்சகலத்துக்கு விரித்ததும் கட்டம் கட்டமாக உடைந்தது. எழுத்து இன்னும் மோசம். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த தமிழை, அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். யூனிகோடில் அடித்ததைப் பழைய டிசைன் மென்பொருளில் திறந்தால் கொம்பு ஒருபக்கம், எழுத்து ஒருபக்கம், நடுவில் புள்ளி வட்டம். மிஷின் இதையெல்லாம் கேட்காது. கொடுத்ததை அப்படியே, அருமையான கலரில், அழியாமல் அடித்துக் கொடுத்துவிடும். ஆர்ட்டிஸ்ட் அண்ணனிடம் வேலை பழகிய ஒரு பெண்தான் இப்போது எங்கள் டிசைன் மேசையில் இருக்கிறாள். கிராஃபிக்ஸ் படித்தவள், ஆனால் எழுத்தின் வளைவை எவ்வளவு திறப்பது, புள்ளியை எங்கே தூக்குவது என்பதை அண்ணனிடம்தான் கற்றாள். அந்தப் பையனின் டிசைனை அவள் புதிதாக வரைந்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்பினாள். மறு பேச்சில்லாமல் ஆர்ட் ஒர்க் தொகை வந்து சேர்ந்தது.

இன்னொரு நாள், ஒரு கபடிக் குழுவின் மேலாளர் மூட்டையோடு வந்தார். வேறிடத்தில் அடித்த அரக்கு நிற ஜெர்ஸிகள். டெலிவரி எடுத்த அன்று எண்களும் பெயர்களும் தும்பைப்பூ வெள்ளையாக இருந்தனவாம். மூன்றாம் நாள் அத்தனையும் ரோஸ். அவருக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது, போட்டி நெருங்கிவிட்டது. பாலியஸ்டர் துணிக்குப் போடும் சாயம் சூடு ஏறினால் ஆவியாகி மேலே கிளம்பும் தன்மை உடையது. காட்டனுக்குக் காட்டுகிற சூட்டை அதற்கும் காட்டினால், துணியின் சிவப்பு மெல்லமெல்ல வெள்ளை அச்சுக்குள் ஏறிவிடும். அடித்த அன்று கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் நாங்கள் இப்படிப்பட்ட துணியில் அடியில் சாயத்தைத் தடுக்கும் சாம்பல் பூச்சு கொடுத்து, குறைந்த சூட்டில் வேகும் இங்க் போட்டு, ஒரு பீஸைச் சில நாள் எடுத்துவைத்துப் பார்த்துவிட்டுத்தான் மீதியை அடிக்கிறோம். இல்லையென்றால் வெள்ளைப் பாலியஸ்டரில் முழுச் சட்டையையும் சப்ளிமேஷனில் அடித்துத் தைத்துவிடுவது உத்தமம். அதில் நிறம் நூலுக்குள்ளேயே போய்விடுவதால் மேலே உரிய ஒன்றும் இல்லை. அவருக்கு அந்த வழியில் செய்து கொடுத்தோம். அச்சுக்கூலி எவ்வளவு என்று அவர் கேட்கவே இல்லை. அடுத்த வருடம் சாம்பிளுக்கும் சேர்த்துத் தேதி குறித்துக்கொண்டு, இரண்டு மாதம் முன்னதாகவே வந்தார்.

சைஸ் விஷயத்தில் போகிற பணம் வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. ஒரு கம்பெனியின் எல் இன்னொரு கம்பெனியின் எம். இப்போது ஓவர்சைஸ் என்று ஒரு ரகம் வேறு. 240 ஜிஎஸ்எம் கனத்தில், தோள் இறங்கி நிற்கும். போனில் லிஸ்ட் வாங்கி அடித்தால் நூற்றுக்குப் பத்துப் பேராவது மாற்றிக் கேட்பார்கள். பெயர் அடித்த சட்டையை வேறு யாருக்கும் விற்கவும் முடியாது. அதனால் ஒவ்வொரு ரகத்திலும் எஸ் முதல் மூன்று எக்ஸ்எல் வரை ஒரு செட் தைத்து, பையில் போட்டு, டெபாசிட் வாங்கிக்கொண்டு அனுப்புகிறோம். போட்டுப் பார்த்துத் தங்கள் கையால் எழுதி அனுப்பட்டும். இந்தப் பை ஊரூராகச் சுற்றி வருவதற்கு வாங்கும் சின்னத் தொகைதான் பில்லில் 'சைஸ் செட்' என்ற வரி. முன்பு இதே வேலையைப் பார்ட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் தோளையும் வயிற்றையும் கண்ணால் அளந்து, நோட்டில் எழுதிச் செய்தேன்.

பெயர்கள் அடிப்பதில்தான் எனக்குப் பிடித்த வேலை இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவர்கள் முப்பது வருடம் கழித்துக் கூடுகிறார்கள். எல்லோருக்கும் ஒரே சட்டை, முதுகில் அவரவர் பெயர். லிஸ்ட் வந்ததும் செக்கிங் அக்கா ஒவ்வொரு பெயரையும் எழுத்தெழுத்தாக வாய்விட்டுப் படிப்பார். டிசைன் பெண் திரையில் சரிபார்ப்பாள். 'வள்ளி' 'வல்லி' ஆகிவிட்டால் அந்த அம்மாள் அந்தச் சட்டையை ஒரு தடவைகூடப் போடமாட்டார். சில லிஸ்டுகளில் இறந்துபோன நண்பரின் பெயரும் இருக்கும். அவர் பிள்ளைக்குக் கொடுக்க என்று குறிப்பு எழுதியிருப்பார்கள். அந்தச் சட்டையைத் தனியாக மடித்துத் தனியாகக் கட்டுவோம். அதற்கு மட்டும் பில்லில் வரி கிடையாது.

எடுக்காத வேலைகளும் உண்டு. பெரிய பிராண்டுகளின் லோகோவை அடிப்பதில்லை. அதற்கு உரிமை வேண்டும், எங்களிடம் இல்லை. நாளைக் காலை வேண்டும் என்கிற ஆர்டரை, துவைத்துப் பார்க்க நேரம் இல்லை என்பதற்காகவே திருப்பிவிடுகிறேன். பாதிப் பணம் முன்னால், மீதி டெலிவரிக்கு முன்னால். இந்த விதிக்கு உறவினருக்கும் விலக்கு இல்லை. காதர்பேட்டையில் மலிவாகக் கிடைக்கும் செகண்ட்ஸ் சட்டையைக் கொண்டுவந்து அடித்துத் தரச் சொன்னால், துணியின் குறைகளை முதலில் எண்ணி எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்கிறோம். இவற்றால் நாங்கள் இழக்கும் ஆர்டர்கள் நிறைய. இழந்தவற்றைக் கூட்டிப் பார்த்தால் பெரிய தொகைதான். ஆனால் அவற்றில் எவ்வளவு கையில் நின்றிருக்கும் என்று கணக்குப் போட்டால் எனக்கு வருத்தம் வருவதில்லை.

இதே தெருவில் டிடிஎஃப் மிஷின் போட்டிருக்கும் பிள்ளைகள் என் எதிரிகள் இல்லை. பலர் கடன் வாங்கி மிஷின் இறக்கியவர்கள். ராத்திரி பகலாக ஓட்டுகிறார்கள். வெள்ளை இங்க் கட்டிதட்டி நாஸில் அடைத்துக்கொண்டால் அன்றைய வருமானம் போச்சு. அவர்களிடம் மிஷின் இருக்கிறது. திருத்திக் கொடுக்க ஆள் இல்லை. போன வருடம் அவர்களில் ஒரு பையன் தயங்கித் தயங்கி வந்தான். "அக்கா, எங்க கஸ்டமர் ஃபைலு ஒன்னு. எழுத்து ஒடஞ்சு ஒடஞ்சு வருது. சரி பண்ணிக் குடுப்பீங்களா? காசு குடுத்தர்றேனுங்க."

செய்து கொடுத்தோம். மறுவாரம் மூன்று ஃபைல் அனுப்பினான். அவன் சொல்லி இன்னொருவன் வந்தான். இப்போது எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருக்களிலுமாகப் பல பட்டறைகள் தங்கள் ஃபைல்களை எங்கள் டிசைன் மேசைக்கு அனுப்புகின்றன. ஃபைலுக்கு இவ்வளவு என்று மாதக் கணக்கு. பாலியஸ்டர் ஆர்டர் வந்தால் துணி மாதிரியை அனுப்பிச் சூடு எவ்வளவு வைக்கலாம் என்று கேட்கிறார்கள். நாங்கள் ஸ்கிரீனில் அடித்தால் கட்டாத சின்ன ஆர்டர்களை அவர்கள் மிஷினுக்கே கொடுக்கிறோம். அவர்கள் அடித்துத் தருகிற ஃபிலிமை நாங்கள் அழுத்தி, துவைத்து, சரிபார்த்துக் கட்டுகிறோம். ஐந்நூறுக்கு மேல் வந்தால் வீட்டுக்காரர் இன்னும் டேபிளில் ஸ்கிரீன் வைக்கிறார். அந்த எண்ணிக்கையில் ஸ்கிரீன்தான் மலிவு, துணிமேல் கை வைத்தால் மெத்தென்றும் இருக்கும்.

ஆர்ட்டிஸ்ட் அண்ணனுக்கு வயதாகிவிட்டது. வாரத்தில் இரண்டு நாள் வருகிறார். திரையில் பார்த்துத் திருத்தச் சொன்னால் பிடிக்காது. ஒவ்வொரு டிசைனையும் தாளில் அடித்துக் கேட்பார், பென்சிலால் வளைவுகளில் குறி போடுவார், அந்தப் பெண் அதைப் பார்த்துத் திருத்துவாள். பக்கத்துப் பட்டறைகளின் ஃபைல்கள் கூடிக்கொண்டே போவதால் அவளால் தனியாகச் சமாளிக்க முடியவில்லை. இன்னொரு பெண்ணை எடுக்கச் சொல்லியிருக்கிறார் அண்ணன். அடுத்த மாதம் அவள் சேருகிறாள். முதல் ஆறு மாதம் அவளை மிஷின் பக்கம் விடாமல் தமிழ் எழுத்துகளை மட்டும் வரையவைக்க வேண்டும் என்பது அண்ணனின் நிபந்தனை. அந்த ஆறு மாதச் சம்பளத்தையும் கணக்கில் எழுதிவைத்துவிட்டேன்.